சேனல் குமிழ் 8-க்கும் 9-க்கும் நடுவில் சிக்குகிறது, எண்ணெய் அடிக்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். தாத்தா வாங்கிய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி, முன்பக்கம் இழுத்து மூடும் மரக்கதவு, நான்கு கால்கள். சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு ஸ்டோர் ரூமில் பல வருடம் கிடந்திருக்கிறது. பாட்டியின் எண்பதாவது பிறந்தநாளன்று பழைய குடும்பக் காணொளிகளை அதில் ஓட்டிக் காட்ட ஆசைப்படுகிறீர்கள். சேனல் குமிழ் மற்ற எண்களில் இறுக்கமாகவாவது திரும்புகிறது. 8-ஐத் தாண்டி 9-க்குப் போகும்போது மட்டும் அப்படியே நின்றுவிடுகிறது. டபிள்யூடி-40 ஸ்பிரே எண்ணெய் அடித்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எதை அடிப்பது என்பதை அப்புறம் பார்க்கலாம். உள்ளே எது சிக்குகிறது என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கான பாதி விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: சுற்று முழுக்க இறுக்கம் என்பது ஒரு கோளாறு, ஒரே இடத்தில் நிற்பது வேறொரு கோளாறு. உங்களுக்கு இரண்டும் இருக்கிறது.

நான் 1970களின் நடுவில் ஜாலான் புசார் பக்கம் ஒரு பழுதுபார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். 1974-இல் இங்கே கலர் வந்துவிட்டாலும் எங்கள் மேசைக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் வால்வு போட்ட கறுப்பு வெள்ளைப் பெட்டிகள்தான்; இங்கேயே குவீன்ஸ்டவுனில் பூட்டிய செட்ரான் பெட்டிகளும் வரும், வெளிநாட்டுப் பெட்டிகளும் வரும். படக்குழாய் போனது, மின்மாற்றி எரிந்தது என்பதைவிட "குமிழைப் பிடித்துக்கொண்டே நின்றால்தான் படம் தெரிகிறது" என்ற புகாரைத்தான் அதிகம் கேட்டேன். அந்த அனுபவத்தை வைத்து எழுதுகிறேன். உங்கள் பெட்டியை நான் நேரில் பார்க்கவில்லை. அதனால் எது உறுதி, எது என் ஊகம் என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு விஷயம். இதில் ஊகமே கிடையாது. அந்தக் காலத்துப் பெட்டிகள் பலவற்றில் மின்மாற்றி இல்லை. வீட்டு மின்சாரத்தின் ஒரு முனை பாகங்களைத் தாங்கும் உலோகத் தகடான சேசிஸிலேயே நேராக இணைந்திருக்கும். பிளக்கில் வயர் மாறியிருந்தால் அந்தத் தகடு முழுக்க 230 வோல்ட் நிற்கும். சேனலைத் தேர்ந்தெடுக்கும் பகுதியான டியூனரின் உலோகத் தண்டும் (குமிழ் மாட்டியிருப்பது இதில்தான்) அதே தகட்டோடு சேர்ந்ததுதான். குமிழைப் பிளாஸ்டிக்கில் செய்ததே அதனால்தான். குமிழைக் கழற்றிவிட்டு, பிளக் சொருகியிருக்கும்போது அந்தத் தண்டை விரலால் தொடவே கூடாது. குமிழின் பக்கவாட்டில் இருக்கும் சின்னத் திருகின் மேல் மெழுகு அடைத்திருந்தால், அதுவும் விரல் படாமலிருக்கப் போட்டதுதான். வேலை முடிந்ததும் திரும்ப அடைத்துவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கி ஒரு நாளாவது விட்டுவிட்டுத்தான் பின்பலகையைத் திறக்க வேண்டும். படக்குழாயின் பக்கவாட்டில் ரப்பர் மூடி போட்ட ஒரு தடித்த வயர் தெரியும். அங்கே 15,000 வோல்ட் அளவுக்கு மின்னூட்டம் தங்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில சமயம் இருக்கும். அதை இறக்கத் தெரியாவிட்டால் அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். குழாயின் பின்னால் நீண்டிருக்கும் மெல்லிய கழுத்திலும் முழங்கை இடித்துவிடக் கூடாது. நல்ல வேளையாக டியூனர் இதிலிருந்தெல்லாம் தள்ளி, குமிழுக்கு நேர் பின்னால், கையகல உலோக டப்பாவாகத் தனியாக மாட்டியிருக்கும்.

டப்பாவின் மூடியைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அழுத்திப் போட்டதுதான். உள்ளே ஒரு டிரம், அதன் மேல் சுற்றிலும் வரிசையாகப் பட்டைகள், ஒவ்வொரு பட்டையிலும் செம்புச் சுருள்கள், விளிம்பில் பொட்டு வைத்ததுபோல் வெள்ளி முலாம் பூசிய தொடுமுனைகள். கடையில் அவற்றைக் காண்டாக்ட் என்போம். இப்படி இருந்தால் அது டிரம் டியூனர். நீங்கள் குமிழைத் திருப்பும்போது டிரம் சுழன்று, அந்தச் சேனலுக்கான பட்டை, டப்பாவில் நிலையாக இருக்கும் ஸ்பிரிங் விரல்களுக்கு நேராக வந்து நிற்கும். "டக் டக்" என்ற அந்தச் சத்தம் காண்டாக்டிலிருந்து வருவதில்லை. தண்டின் ஒரு முனையில் நட்சத்திரம்போல் பள்ளம் வெட்டிய சக்கரம் இருக்கும். ஸ்பிரிங் தகடு அழுத்தும் ஒரு சின்ன உருளை பள்ளத்துக்குப் பள்ளம் விழும்போது வரும் சத்தம் அது. குமிழைச் சுற்றி இன்னொரு வளையம் இருந்தால் அது படம் தெளியும்படி நுண்சரிசெய்வதற்கு (ஃபைன் டியூனிங்). அதன் தண்டு குழாய்போல முதல் தண்டின் மேல் ஏறியிருக்கும். இந்த நான்கையும் தனித்தனியாகக் கண்ணால் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது: தண்டு தாங்கி (தண்டு சுழலும் இடத்தில் அதைப் பிடித்திருக்கும் பகுதி), கிளிக் சக்கரம், பட்டைகள், ஸ்பிரிங் விரல்கள்.

சுற்று முழுக்க இருக்கும் இறுக்கத்துக்குக் காரணம் அநேகமாகப் பழைய கிரீஸ்தான். தொழிற்சாலையில் தாங்கியிலும் கிளிக் சக்கரத்திலும் பூசிய கிரீஸ் ஐம்பது வருடத்தில் எண்ணெய்ப் பகுதி போய், பழுப்பு நிறத்தில் மெழுகுபோல் இறுகிவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் இரும்பு உருளையும் லேசாகத் துருப்பிடித்திருக்கும். இதோடு கரப்பான் முட்டை, பல்லி எச்சம். பெட்டியின் சூடு அவற்றுக்குப் பிடிக்கும். இன்னொன்று, 1963-இல் இங்கே தொலைக்காட்சி தொடங்கியதிலிருந்து 1984-இல் ஒளிவழி (சேனல்) 12 வரும்வரை உள்ளூரில் நமக்கு இருந்தது ஒளிவழி 5-உம் 8-உம் மட்டுமே. ஜோகூரிலிருந்து வந்ததைச் சிலர் பார்ப்பார்கள். ஆகவே குமிழ் நாள் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் போய்வந்தது. தமிழ்ச் செய்திக்கு 8, ஆங்கிலப் படத்துக்கு 5. அந்தப் பாதை தேய்ந்திருக்கும். 9-க்கு மேல் அவ்வளவாகத் திருப்பியிருக்க மாட்டார்கள். உங்கள் குமிழ் 8-க்குப் பிறகு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

இப்போது சோதனை. குமிழைக் கழற்றிவிட்டு வெறும் தண்டைத் திருப்பிப் பாருங்கள். சுலபமாகச் சுழன்றால் டியூனரில் கோளாறே இல்லை. குமிழோ வளையமோ முன்பலகையில் உரசுகிறது. மரம் உப்பி, டியூனர் சற்றே சாய்ந்து, தண்டு ஓட்டையின் ஓரத்தில் இடிக்கும் பெட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். தாங்கும் திருகுகளைத் தளர்த்தி நடுவில் வைத்து முறுக்கினால் போதும். அப்படியும் இறுக்கமாக இருந்தால் வெளி வளையத்தின் தண்டைக் கவனியுங்கள். சேனலைத் திருப்பும்போது அதுவும் கூடவே சுற்றினால், இரண்டு தண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். மூன்றாவது சோதனைதான் முக்கியம். ஒரு சாப்ஸ்டிக் முனையால் கிளிக் உருளையைச் சக்கரத்திலிருந்து மெல்லத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தண்டைத் திருப்புங்கள். தாராளமாகச் சுழன்றால் குற்றம் கிளிக் பகுதியில். சுற்று முழுக்க ஒரே மாதிரி கனமாக இருந்தால் தாங்கியில். பொதுவாகத் தாராளம், ஆனால் 8-க்கும் 9-க்கும் நடுவில் மட்டும் முட்டுகிறது என்றால் அங்கே ஏதோ ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் கடைசியில் சொன்னதுதான் என்று நினைக்கிறேன். பட்டைகள் டிரம்மில் சின்னக் கிளிப்பால்தான் பிடிக்கப்பட்டிருக்கும். கிளிப் தளர்ந்தால் பட்டையின் ஒரு முனை ஒரு மில்லிமீட்டர் எழும்பும். சுழலும்போது அந்த விளிம்பு நேராக ஸ்பிரிங் விரலில் போய் மோதும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்து, டிரம்மை மெதுவாகத் திருப்பினால் மற்ற பட்டைகளைவிட ஒன்று உயர்ந்திருப்பது தெரியும். இரண்டாவது சந்தேகம், பட்டையின் நடுவில் இருக்கும் பித்தளைத் திருகு. நுண்சரிசெய்யும் வளையத்தை அழுத்தித் திருப்பும் வகையில், அது ஒவ்வொரு சேனலின் திருகையும் தனியாகச் சுழற்றும். யாரோ ஒருவர் 9-இல் அளவுக்கு மீறித் திருப்பி வெளியே கொண்டுவந்திருந்தால் அதன் தலை இடிக்கும். மூன்றாவது, ஸ்பிரிங் விரலே ஏற்கெனவே வளைந்திருப்பது. இதுதான் வருத்தமானது, ஏனென்றால் இது பெரும்பாலும் பலவந்தமாகத் திருப்பியதால் வருவது.

என் கையாலேயே அப்படி ஒன்று நடந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், தோ பாயோவிலிருந்து ஓர் அம்மா கொண்டுவந்த பெட்டி. குமிழ் சிக்கியது. கிரீஸ் இறுகியிருக்கும் என்று நினைத்து, பிளையரால் தண்டைப் பிடித்து ஒரே திருப்பு. "டிக்" என்று மெல்லிய சத்தம். குமிழ் சுலபமாகச் சுற்றியது. நிமிர்ந்து பார்த்தால் முதலாளி பின்னால் நிற்கிறார். மூடியைத் திறந்து காட்டினார்: வரிசையாக நிற்கும் விரல்களில் ஒன்று பின்பக்கமாக மடிந்து, வேரில் விரிசல் விட்டிருந்தது. அன்று மாலை முழுக்க சுங்கை ரோடு சந்தையில் தேடி, காராங்குனி (பழைய சாமான் வாங்குபவர்) கொண்டுவந்து போட்டிருந்த ஒரு செத்த பெட்டியிலிருந்து அதே மாதிரி டியூனரைக் கழற்றி வந்தோம். இன்று அந்தச் சந்தையும் இல்லை, 2017-இல் மூடிவிட்டார்கள். உங்கள் டியூனரில் ஒரு விரல் உடைந்தால் மாற்று கிடைப்பது மிகவும் கடினம். அதனால் கேட்டுக்கொள்கிறேன்: அந்த இடத்தில் இனி ஒரு தடவைகூட அழுத்தித் திருப்பாதீர்கள். திரும்பும் பக்கமாகவே பின்னோக்கிக் கொண்டுவாருங்கள்.

தூக்கிய பட்டையைச் சரிசெய்வது சுலபம். முதலில் கைப்பேசியில் நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டையில் சேனல் எண் அச்சிட்டிருக்கும். சில டியூனர்களில் ஒரு சேனலுக்கு இரண்டு பட்டை, முன்னொன்று பின்னொன்று. கிளிப்பை நகத்தால் நெம்பி, பட்டையை நேராக மேலே எடுங்கள். சுருளைத் தொடாமல் விளிம்பை மட்டும் பிடிக்க வேண்டும். கிளிப் நன்றாக இருந்தால் திரும்ப அழுத்தி உட்காரவைக்கலாம். கிளிப் உடைந்திருந்தால் பசை போட்டு ஒட்டப் பார்க்காதீர்கள். அந்தச் சேனல் பட்டையையே வெளியே எடுத்து, ஓர் உறையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். அந்த இடம் காலியாக இருந்தாலும் மற்ற சேனல்கள் ஓடும். சில நாடுகளில் உள்ளூரில் கிடைக்கும் சேனல்களுக்கு மட்டும் பட்டை மாட்டி விற்றார்கள். விரல் லேசாக வளைந்திருந்தால் பக்கத்து விரலைப் பார்த்து அதே உயரத்துக்கு, மரக்குச்சியால், ஒரே முயற்சியில் நிமிர்த்துங்கள். முன்னும் பின்னும் ஆட்டினால் உடையும்.

இப்போது டபிள்யூடி-40. அடிக்காதீர்கள். அது துருப்பிடித்த போல்ட்டுக்கு நல்ல மருந்துதான், டியூனருக்கு இல்லை. ஆவியானதும் ஒரு படலத்தை விட்டுச்செல்லும். அதில் தூசி ஒட்டி, ஒரு வருடத்தில் பழைய கிரீஸைவிட மோசமாகும். அதைவிடப் பெரிய விஷயம், இந்தச் சுருள்கள் வேலை செய்யும் அலைவரிசை. ஒளிவழி 8-இன் படச் சமிக்ஞை 196.25 மெகாஹெர்ட்ஸ். அதைப் பெட்டியின் உள் அலைவரிசையான 38.9-க்கு இறக்க, டியூனருக்குள் 235.15 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையியற்றி (ஆசிலேட்டர்) ஓடுகிறது. அந்த வேகத்தில் இரண்டு மூன்று சுற்றுக் கம்பிதான் சுருள். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலோ, எண்ணெயில் நனைந்தாலோ அலைவரிசை நழுவும். சில சுருள்கள் சுற்றியிருக்கும் பாலிஸ்டைரீன் கூடு தின்னர், அசிட்டோன் மாதிரிக் கரைப்பான் பட்டால் கரைந்தே போகும். குமிழ் சரியாகச் சுற்றும், படம் மட்டும் வராது. அந்த நிலையில் கருவி இல்லாமல் யாராலும் மீட்க முடியாது.

நீங்கள் வாங்க வேண்டியது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பஞ்சுக்குச்சி, தையல் மெஷின் எண்ணெய், கொஞ்சம் லித்தியம் கிரீஸ். ஆல்கஹாலைச் சொட்டு சொட்டாகத் தாங்கியிலும், இரண்டு தண்டுகளுக்கு நடுவிலும் விடுங்கள். பத்து நிமிடம் கழித்து, சிக்காத பகுதிக்குள் மட்டும் முன்னும் பின்னும் திருப்புங்கள். பழுப்பாகக் கசிவதைத் துடைத்துவிட்டு மறுபடி. நாலைந்து தடவை தேவைப்படும். பொறுமையாகச் செய்தால் தண்டு கையில் வெண்ணெய்போல் திரும்ப ஆரம்பிக்கும். கிளிக் சக்கரத்தின் பள்ளங்களைப் பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுங்கள். எல்லாம் உலர்ந்த பிறகு தாங்கிக்கு ஒரு சொட்டு எண்ணெய், சக்கரத்துக்கும் உருளைக்கும் அரிசியளவு கிரீஸ். அவ்வளவுதான், அதற்கு மேல் வேண்டாம். தண்டைத் தொட்டபடி ஒரு சின்ன ஸ்பிரிங் தகடு டப்பாவோடு சேர்ந்து நிற்கும். அது தண்டுக்கு எர்த். அதைத் துடைத்துச் சுத்தமாக விடுங்கள், கிரீஸ் பூசாதீர்கள். அந்த இடம் அழுக்கானால் குமிழைத் தொடும்போதெல்லாம் படம் ஆடும்.

காண்டாக்ட்களைப் பொறுத்தவரை கையை அடக்கிக்கொள்வதே நல்லது. கறுத்திருப்பதைப் பார்த்ததும் உப்புக்காகிதம் எடுக்கத் தோன்றும். அந்தக் கறுப்பு வெள்ளி சல்ஃபைடு. மெல்லிய படலமாக இருக்கும்வரை விரல் உரசும் அழுத்தத்திலேயே விலகிவிடும். உப்புக்காகிதம் தேய்த்தால் முலாமே போய்விடும், அப்புறம் அடியில் இருக்கும் உலோகம் நம் ஈரக்காற்றில் வாரத்துக்கு வாரம் கறுக்கும். ஆல்கஹாலில் நனைத்த கெட்டியான வெள்ளைக் காகிதத் துண்டை விரலுக்கும் காண்டாக்டுக்கும் நடுவில் விட்டு இழுங்கள். காகிதத்தில் கறுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும்வரை இரண்டு மூன்று தடவை, அதோடு நிறுத்திவிடுங்கள்.

மூடியைத் திறந்ததும் டிரம் இல்லாமல், பழுப்பு நிறத் தட்டுகள் அடுக்கடுக்காகத் தண்டில் கோத்திருந்தால், அது வேறு வகை டியூனர். தாங்கிக்கும் கிளிக்குக்கும் மேலே சொன்னதைச் செய்யலாம். தட்டுகளை மட்டும் பிரிக்காதீர்கள். அதில் ஒரே இடத்தில் சிக்கினால் சுழலும் தட்டு விரிசல் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதை எழுத்தில் சொல்லிச் செய்யவைப்பது சரியாக இருக்காது, கைப்பழக்கம் உள்ளவரிடம் காட்டுங்கள்.

குமிழ் திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். படம் எங்கிருந்து வரும்? 2018 முடிந்து 2019 பிறந்த கையோடு இங்கே அனலாக் ஒளிபரப்பு நின்றுவிட்டது, ஆகவே ஏரியல் மாட்டிப் பயனில்லை. உங்கள் காணொளிக் கருவியின் மஞ்சள், வெள்ளை வயரை ஒரு மாடுலேட்டரில் (படத்தையும் ஒலியையும் ஒரு சேனலின் சமிக்ஞையாக மாற்றும் கருவி) கொடுத்து, அதிலிருந்து ஏரியல் வயர் எடுக்க வேண்டும். பெட்டியில் பழைய தட்டை வயருக்கான இரண்டு திருகு மட்டும் இருந்தால், நடுவில் ஒரு சின்ன மாற்றி தேவைப்படும். மாடுலேட்டர் வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். மலிவாகக் கிடைப்பவை பல யூஎச்எஃப்-இல் (விஎச்எஃப்-ஐவிட உயர்ந்த அலைவரிசைகள்) மட்டும் வெளிவிடும். உங்கள் குமிழில் 12 வரைதான் எண் இருக்கிறது என்றால் அது வேலைக்கு ஆகாது, விஎச்எஃப் 5 முதல் 12 வரை வெளிவிடுவது வேண்டும். ஒலிக்கு 5.5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி என்று போட்டிருக்க வேண்டும். 6 என்றால் படம் வரும், ஒலி சரியாக வராது. சிம் லிம் டவரில் கேட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் இணையத்தில் தேட வேண்டியதுதான்.

இதில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஒளிவழி 5-உம் 8-உம் ஓயாமல் தேய்ந்த பட்டைகள். மாடுலேட்டரை நீங்கள் விரும்பும் சேனலில் வைக்கலாம் என்பதால், காண்டாக்ட் பளபளவென்று இருக்கும் 7-ஐயோ 6-ஐயோ தேர்ந்தெடுங்கள். 9-ஐத் தாண்டிப் போகவேண்டிய அவசியமே வராது. அந்தப் பட்டையை இப்போதைக்குத் தொடாமல் விட்டாலும் பிறந்தநாள் நன்றாக நடக்கும்.

பல வருடம் தூங்கிய பெட்டியை நேராகப் பிளக்கில் சொருகி ஆன் செய்வதை மட்டும் தயவுசெய்து நீங்களே செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் காய்ந்திருக்கும். சில வெடிக்கும், சில மற்ற பாகங்களையும் இழுத்துக்கொண்டு போகும். பழைய வானொலி, ஒலிபெருக்கி பழுதுபார்ப்பவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம், 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு, தனிப்படுத்தும் மின்மாற்றி வழியாக மெல்ல எழுப்பித் தரச் சொல்லுங்கள். அதற்கு முன் மூடியைத் திறந்து, 8-க்கும் 9-க்கும் நடுவில் டிரம்மை நிறுத்தி, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். எழும்பியிருப்பது பட்டையா, திருகா, விரலா என்று பார்த்துச் சொல்கிறேன்.